ஒரு சிலையின் பாவம்

தண்ணீர் தெளிக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாராவது முடிவெட்டப் போவார்களா, ஐயப்பன்தாங்கல் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதானே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. கூட்டம் இருக்க வேண்டும் என்றுதான் போகிறார். நேரம் ஆக வேண்டும், அதுவரை நான் இந்தத் தகரக் கொட்டகையில் இவளோடு தனியாக இருக்க வேண்டும். இவள் என்றால் களிமண். இரண்டடி உயரம், முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலை மட்டும் தோளுக்கு மேல் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. மேலே போர்த்தியிருந்த ஈரத்துணியை எடுத்து மடித்து வைத்தார், செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை என் கையில் திணித்தார், "காய விட்றாத, வெடிப்பு விட்டா உன் மேலதான் பழி" என்றார். செருப்பை மாட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த மாதிரி சொன்னார். "பொண்டாட்டியாப் பாக்காத இந்திராணி. பத்திரிகைக்கு எழுதுவியே, அப்படிப் பாரு. பசங்களுக்கு நடத்துற தியரி எல்லாத்தையும் போட்டுப் பாரு. தேறும்னா எட்டியப்பன் சாயங்காலம் வந்து அச்செடுக்கட்டும். தேறாதுன்னா டிரம்ல போட்டுக் கரைச்சிடறேன். அதுக்கப்புறம் அந்த டிரம் மட்டும் எதுக்கு இங்க, உங்க காலேஜுக்கே குடுத்துடலாம்." களிமண் ஊறுகிற நீல டிரம் அது. கல்யாணமான வருஷத்திலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இறங்குவது அதுதான், அப்புறம்தான் சாமி படமும் குக்கரும். அது இந்த வீட்டை விட்டுப் போனால் தவமணி என்கிற சிற்பி போய்விட்டார் என்று அர்த்தம், வேளாவேளைக்கு மாத்திரை போடுகிற தவமணி என்கிற ஒருவர் மட்டும் மிச்சம். இதை அவர் சொல்லவில்லை, சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ரொம்ப சௌகரியம். தன் தலையை ஒருத்தனிடம் கொடுத்துவிட்டு, தன் கையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, தெளிக்கிறேன். தோளில், முதுகில், மடியில். ஈரம் பட்டதும் மண் கறுத்து மினுமினுக்கிறது, அந்த வாசனை வருகிறது, கொஞ்சம் குளத்து வாசனை, கொஞ்சம் பழைய செம்பு வாசனை. இந்த வாசனையோடுதான் இவர் கட்டிலுக்கு வருவார், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. போன வருஷம் முழுக்க அந்த வாசனை இல்லை. வலது கை ஆட ஆரம்பித்து, முதலில் காபி டம்ளரில் தெரிந்து, அப்புறம் கையெழுத்தில் தெரிந்து, நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கொட்டகையைப் பூட்டியவர்தான். பூட்டிய மனுஷன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள், டிவியில் கிரிக்கெட் பார்த்தார். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எதைச் சமைத்தாலும் நல்லாயிருக்கு என்றார். உப்புப் போடாத ரசத்தை நல்லாயிருக்கு என்று குடித்த அன்றைக்கு நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சண்டைபோட ஆளில்லாத வீடு எவ்வளவு பெரிய வீடு. இந்தப் பொங்கல் கழிந்துதான் ஒருநாள் பூட்டைத் திறந்தார், என்னை உள்ளே விடவில்லை, நேற்றுத்தான் விட்டார். சிலைக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் உள்ளே மண்ணைத் தாங்குகிற கம்பியைக் கட்டவே ஆரம்பிப்பார், அது அவர் வழக்கம். இவள் பெயர் "என்ன, கூப்பிட்டீங்களா?" இது யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கொட்டகையிலிருந்து அவர் கூப்பிடுவதும், அடுப்படியில் நான் கையில் இருப்பதைக் கீழே வைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி இதைக் கேட்பதும் முப்பது வருஷமாக நடக்கிறது. பாதி நேரம் அவர் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

ஆக என்னையே நான் திருத்தி மதிப்பெண் போட வேண்டும். போலச்செய்தலில் ஆரம்பிக்கலாம், வருஷா வருஷம் முதல் வகுப்பில் போர்டில் நான் எழுதுகிற முதல் வார்த்தை அது. உலகத்தில் இருப்பதைப் போலவே செய்வது கலை, எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒத்திருக்கிறதா? தாடைக்குக் கீழே இரண்டாவது தாடை ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் வைத்திருக்கிறார், அதற்கு நன்றி. இடுப்பு மடிப்பு, சரி. திரும்பும்போது வலது தோள் கொஞ்சம் மேலே ஏறும், அது எனக்கே தெரியாது, இப்போது எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன், ஏறுகிறது. ஆனால் கன்னத்தில் வரிவரியாக, கோலப்பொடி சிந்திய தரையை விரலால் வழித்த மாதிரி, மேலிருந்து கீழே சின்னச் சின்ன அலைகள். கழுத்தில் அதே அலை. புறங்கையில், முழங்காலில். அவர் கருவி ஓடிய இடமெல்லாம் கை ஆடியிருக்கிறது. என் கன்னம் இப்படி இல்லை. என் கன்னம் வழவழவென்று இருக்கிறது, அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. போலச்செய்தலில் தோல்வி. இல்லை, இரு, அவசரப்படாதே, அப்படிப் பார்த்தால் உலகத்தில் பாதிச் சிலை தோல்வி. மரபுக் கணக்குக்குப் போவோம். முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்து உடம்பை அளக்கிற கணக்கு, கோயில் சிலைகளுக்கு உரியது, இவர் இளமையில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு அப்புறம் வேண்டுமென்றே மறந்தவர். விரலை நீட்டி அளந்து பார்க்கிறேன். நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, மறந்தேன் என்று சொன்னதெல்லாம் பொய். காது மட்டும் தப்பு. கூப்பிட்ட பக்கம் தெரிகிற இடது காது, அது அளவுக்கு மீறிப் பெரிசு, கீழ்மடல் தொங்குகிறது. நேற்றே கண்ணை உறுத்தியது, நான் வேறு பக்கம் பார்த்தேன். காது கிடக்கட்டும்.

வடிவத்துக்கு வருகிறேன். யாருடைய சிலை, யார் செய்தது, அவருக்கு உடம்பு எப்படி, எதுவும் வேண்டாம், கனம், பள்ளம், கோடு, இவை ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று மட்டும் பார். எனக்கு ரொம்பப் பிடித்த கொள்கை, ஏனென்றால் அதில் மனுஷர்கள் இல்லை. இந்தப் பக்கம் போய் உட்காருகிறேன். இடுப்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி முதுகு வழியாகச் சுற்றி ஏறித் தோளைத் தாண்டி மோவாயில் முடிகிறது, துணியைப் பிழிகிறபோது வருகிற முறுக்கு. நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, நான் சும்மா சொல்லவில்லை. சும்மா சொல்கிறேனா? எனக்கே தெரியவில்லையே. அதுதான் பயம். முப்பது வருஷமாக மற்றவர்கள் சிலையைப் பார்த்து எனக்கு ஒரு நொடியில் தெரியும், வயிற்றில் தெரியும், கோட்பாடெல்லாம் அப்புறம் எழுதும்போது தேடிப் பிடிப்பது. இவளைப் பார்த்தால் வயிறு வாயே திறக்கவில்லை. பயந்து போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கோடு கழுத்துவரை வருகிறது, பிறகு அந்தக் காது. மறுபடியும் காது. மொத்தச் சிலையும் ஒரு மொழி பேசுகிறது, காது மட்டும் வேறு எதையோ உளறுகிறது. அதில் அலையே இல்லை, மழமழப்பும் இல்லை, கொச்சையாக, கனமாக, முதல் வருஷத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்து பிசைந்த மாதிரி. இந்தக் காதை மாணவன் ஒருவன் கொண்டுவந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வடிவ ஒருமை கெட்டுவிட்டது, எடுத்துவிட்டுத் திரும்ப வை என்றிருப்பேன். அப்படியானால் ஏன் கண் அங்கேயே போகிறது? தெளித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன், தோள் பக்கம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. தெளி, முதலில் தெளி.

போன் அடிக்கிறது. அவர் என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தேன், பூந்தமல்லி ரோட்டைக் கடக்கிற இடத்தில் லாரி எதுவும் நிற்காது, கை ஆடுகிறவருக்குக் காலும் சமயத்தில் ஒட்டிக்கொள்கிறது, அடி எடுத்து வைக்க வராமல் அப்படியே நிற்பார். எட்டியப்பன்தான். இவருடைய சிலைகள் எல்லாவற்றுக்கும் அச்செடுத்தவர், பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு அந்த வெற்றிடத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகிறவர். "மேடம், மூட்டையெல்லாம் வண்டில ஏத்திட்டேன். கெளம்பட்டுங்களா? சார் போன எடுக்க மாட்டேங்கறாரு." "அவர் முடிவெட்டப் போயிருக்கார் எட்டியப்பன். ஒரு அரைமணி நேரம் பொறுங்க, நானே கூப்பிடறேன்." "செரி மேடம். ரொம்ப லேட்டாயிட்டா வெளிச்சம் போயிரும், பாத்துக்கோங்க." அதோடு விடாமல், "சார் மறுபடி கைவெச்சாரேன்னு சந்தோசமா இருக்கு மேடம். நம்ம வீட்லகூடச் சொன்னேன், பாவம், அந்தக் கைய வெச்சிக்கினு செஞ்சிருக்காரேன்னு." நல்ல மனுஷர், மனசாரத்தான் சொன்னார். போனை வைத்தபிறகு அந்த ஒரு சொல் மட்டும் கொட்டகையில் நிற்கிறது.

பாவம். என் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. சிலையின் முகத்தில், உடம்பின் வளைவில் தெரிகிற உணர்ச்சிக்குப் பெயர் பாவம். அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவதும் பாவம். செய்துவிட்டு நரகத்துக்குப் போவதும் பாவம். சொல்லும்போது வித்தியாசம் உண்டு, எழுதினால் நம்மிடம் இருப்பது ஒரே எழுத்து. வகுப்பில், இந்தச் சிலையோட பாவத்தைக் கவனிங்க என்று நான் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், சிலை மட்டும் இல்ல மேடம், நாங்களும் பாவம்தான். வருஷா வருஷம் வேறு வேறு பையன், அதே ஜோக், நானும் சிரித்துவைப்பேன். இவருடைய ஒரு கண்காட்சிக்கு நான் எழுதிய குறிப்பில், இவரது பெண் உருவங்களில் பாவம் மிகுந்திருக்கிறது என்று ஒரு வரி. அதை இங்கிலீஷில் மாற்றியவர், இவர் செய்கிற பெண்கள் எல்லோரும் பெரும்பாலும் பாவிகள் என்று அச்சடித்துவிட்டார். தவமணி அந்தப் பக்கத்தைக் கிழித்து இதே கொட்டகைக் கதவில் ஒட்டிவைத்தார், வருகிறவர்களிடமெல்லாம், எம் பொண்டாட்டி குடுத்த சர்டிபிகேட் என்று காட்டினார். அப்போது என்னமாய்ச் சிரிப்பார், உடம்பு மொத்தமும் குலுங்கும். இப்போது கை மட்டும் குலுங்குகிறது. சே, என்ன புத்தி இது, இப்படி ஒரு வாக்கியம் எனக்கு எப்படித் தோன்றியது.

தோன்றியதே அப்படியென்றால் அடுத்த கொள்கைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். கலைஞன் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது கலை, வெளிப்பாட்டுக் கொள்கை. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் இவள் ஒரு நொடியில் மாறிவிடுகிறாள். கன்னத்து அலைகள் குறையே இல்லை, அவைதான் சிலையின் பேச்சு. கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற பெண்ணின் மேலெல்லாம் கூப்பிட்டவனின் நடுக்கம் படர்ந்திருக்கிறது, யார் நடுங்குகிறார்கள், கூப்பிட்டவனா, கேட்டவளா. அடடா, எவ்வளவு அழகாக வருகிறது. ஒரு கட்டுரைக்கு முதல் பத்தி தயார், தலைப்புகூடத் தயார். இதை அவரிடம் சொல்லலாம், பொய் என்று அவரால் நிரூபிக்க முடியாது. எட்டியப்பன் வருவார், அச்செடுப்பார், வெண்கலத்தில் வார்ப்பார்கள். கண்காட்சி வைக்கிற காலரிக்காரம்மா ஏற்கெனவே ஒருமுறை வீட்டுக்கு வந்து, இவர் டம்ளரை எடுக்கப் படுகிற பாட்டைப் பார்த்துக் கண் கலங்கி, "சார், உங்க ஸ்ட்ரகிளையே ஒரு ஷோவா பண்ணலாம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காலரியில் வைத்தால் அது கலை, பெரிய மனுஷர்கள் கலை என்று சொன்னால் அது கலை, அதற்கும் ஒரு கொள்கை இருக்கிறது, நிறுவனக் கொள்கை, அதையும் நான்தான் நடத்துகிறேன். ஆக எல்லாம் கூடிவருகிறது. விளக்குப் போட்ட ஹால், வெள்ளைச் சுவர், நடுவில் இவள். கையில் ஜூஸ் டம்ளரோடு சுற்றி நிற்பவர்கள் முதலில் சிலையைப் பார்ப்பார்கள், அப்புறம் மூலையில் நிற்கிற இவர் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் மறுபடி சிலையைப் பார்த்து மெதுவாக அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். சிலையின் பாவம் எது, செய்தவர் மேல் படுகிற பாவம் எது என்று பிரித்துச் சொல்ல எழுத்தில்கூட வழியில்லை, அங்கே யார் பிரிக்கப்போகிறார்கள். நான் பிரிக்க வேண்டியவள், நானே முதல் ஆளாக ஆரம்பித்துவைத்திருக்கிறேன். எவ்வளவு கேவலம். ஆடாத கையால் இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், கன்னத்தில் ஒளி வழுக்கிக்கொண்டு போகும், அதற்காகவே மூன்று நாள் தேய்ப்பார். இந்த அலை அவர் விரும்பி வைத்ததே இல்லை. ஒவ்வோர் அலையையும் அழிக்கப் பார்த்திருக்கிறார், அழிக்கப் போன கை இன்னோர் அலையைப் போட்டிருக்கிறது, மேலே மேலே. ஒருத்தர் தோற்றுப்போன இடத்துக்கு அழகான பெயர் வைப்பதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

படைத்தவனை மறந்துவிடு, படைப்பை மட்டும் பார் என்றும் ஒரு கொள்கை உண்டு, இன்னும் கொஞ்சம் துணிச்சல்காரர்கள் படைத்தவன் செத்துவிட்டதாகவே வைத்துக்கொள் என்பார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கு என் காதில் விழ வேண்டாம். அவர் போய் ரொம்ப நேரமாகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கழுத்தில் வெள்ளைத் துணி, துணிக்குள் கை ஆடுவது யாருக்கும் தெரியாது, அதனால்கூட அவருக்கு அந்த நாற்காலி பிடிக்கலாம். பெண்ணியமாகப் பார்த்தால் இது ரொம்பச் சுலபம், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியே கழுத்துச் சுளுக்கிய ஒரு தலைமுறை, ஆண் ஒருவன் தன் பக்கம் திரும்புகிற பெண்ணைத்தான் செய்வான், அவள் என்ன படித்தாள், என்ன எழுதினாள் என்று செய்வானா. செய்யமாட்டான். ஆனால் நேற்று இதை நினைத்துக் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. இவள் மடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன், முறமோ கீரையோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன், பேப்பர் கட்டு. திருத்துகிற விடைத்தாள்கள். பேனா பிடித்த கை பாதியில் நிற்கிறது. இந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷம்தான் இப்போது என் கண்ணைக் கட்டுகிறது, ஒருத்தி தன்னைப் பார்த்தவனுக்கு எப்படி மதிப்பெண் போடுவாள். தெளி. காதுக்குப் பின்னால் காய்ந்திருக்கிறது, அங்கேயும் தெளி.

தண்ணீர் காதின் குழிக்குள் தேங்கிவிட்டது. தேங்கினால் மண் இளகும், விரல் நுனியால் ஒற்றி எடுக்கப் போனேன். குழியில் ஒரு கட்டைவிரல் பதிவு, ஆழமாக, ஒரே அழுத்து, அழுத்திவிட்டுத் தயங்காமல் எடுத்திருக்கிறார். நன்றாக இருக்கிறதே இது என்று வயிறு சொன்னது. இவளைப் பார்த்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்னது. என் வலது கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தேன், உட்காரவில்லை, இடித்தது. மணிக்கட்டை வளைத்துப் பார்த்தேன், மறுபக்கம் போய் நின்று வைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கோணல். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இடது கட்டைவிரலை வைத்தேன். போய் உட்கார்ந்தது. மடலில் கருவி இழுத்த கோடுகளைப் பார்த்தேன், சிலை முழுக்கக் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, இங்கே எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. அலை இல்லை. கொச்சைதான், கனம்தான், அளவு தப்புதான், ஆனால் இந்தக் காது கேட்கிறது. சிலையில் மற்ற எல்லாம் திரும்பியிருக்கிறது, இது ஒன்றுதான் கேட்கிறது.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இவருடைய அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார், "ஒனக்குத் தெரியாதா இந்திராணி, இவன் சின்னதுல பீச்சாங்கைக்காரன்ல. எழுதறது, திங்கறது எல்லாம் அந்தக் கைதான். எங்கப்பாரு சோத்துக்கு ஒக்காந்தா அந்தக் கைய முதுகுக்குப் பின்னால துண்ட வெச்சுக் கட்டிப்புடுவாரு. அழுதுக்கிட்டே திம்பான். ரெண்டு வருசத்துல திருந்திட்டான்." எதிரே உட்கார்ந்திருந்த இவர் சிரித்துக்கொண்டு, பாயசம் போடுங்க என்று யாரையோ கூப்பிட்டார். திருந்திட்டான் என்பதைக் கேட்டு நானும் சிரித்தேன், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. கொடுப்பதற்கு வாங்குவதற்கு ஆகாத கை, சாமிக்கு ஆகாத கை, இலையில் படக்கூடாத கை, கழுவுவதற்கு மட்டும் என்று ஒதுக்கிய கை. அந்தக் கையால் என் காதைச் செய்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. வெட்கப்பட்டிருப்பார். ஒருநாள் வலது கை சுத்தமாக வராமல்போய், யாரும் பார்க்காத கொட்டகையில், கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, துடைக்க நினைத்தால் இரண்டு கையிலும் மண்.

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்து எட்டியப்பனைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு வர வேணாம் எட்டியப்பன்." "ஏன் மேடம், சாருக்கு ஒடம்பு எதுனா..." "அவர் நல்லா இருக்கார். சிலை இன்னும் ஆகல." சொல்லிவிட்டேன்.  அறுபத்து மூன்று வயதுக்காரரின் இத்தனை மாச உழைப்பை ஒரு போனில் கலைத்துவிட்டேன். காது நன்றாக இருக்கிறது என்று நான் நினைப்பதும் நோயாளிமேல் வந்த இன்னொரு இரக்கம் என்றால்? கேட் சத்தம். செருப்பு தேய்கிற சத்தம், ஒரு கால் கொஞ்சம் பின்தங்கி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒட்ட வெட்டியிருந்தார்கள், கழுத்தில் பவுடர், காதோரம் முடித்துணுக்கு. வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார், பை ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் சிலையைத்தான் பார்த்தார், காய்ந்திருக்கிறதா என்று. "நல்லாத்தான் தெளிச்சிருக்க. என்ன, தேறுமா?"

"தேறாது" என்றேன். "டிரம்ல போட்டுடுங்க." அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், டிவி எதிரே உட்கார்ந்து ஆட்டுவது போல. "சரி. நானும் அப்படித்தான் நெனச்சேன். எட்டியப்பனுக்கு..." "சொல்லிட்டேன்." "ம்." டிரம்மின் மூடியைத் திறக்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் காது எந்தக் கையில செஞ்சது?" மூடியைப் பிடித்தபடி நின்றார். "எந்தக் காது?" "ரெண்டா தெரியுது? இந்தக் காது." மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னைக்கு அது வரவே இல்ல. சும்மா, ஒரு ஆத்திரத்துல... அந்தக் கையில" என்றார். கையின் பெயரைச் சொல்லவில்லை. "மாத்தணும்னுதான் இருந்தேன்." "மாத்த வேணாம். மொத்தத்தையும் கரைச்சிட்டு அந்தக் கையிலயே ஆரம்பிங்க." "பைத்தியமா ஒனக்கு? ஒரு கை பழக எத்தன வருசம் ஆகும் தெரியுமா? எனக்கு என்ன வயசு இப்ப?" "ஆகட்டும். முதல்ல செய்யறதெல்லாம் மோசமாத்தான் வரும். மோசமா வந்தா மோசம்னு மூஞ்சிக்கு நேரா சொல்வேன். பாவம்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா அந்த டிரம் இங்க இருக்கட்டும்."

அவர் டிரம்மை விட்டு வந்து சிலையின் எதிரில் நின்றார். பைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தார், அது ஆடியது, ஆடவிட்டார். மண் அறுக்கிற மெல்லிய கம்பியால் அறுக்கத் தொடங்கினோம், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, கன்னம் போயிற்று, கழுத்து போயிற்று, முழங்காலும் விடைத்தாளும் ஈர மண்ணாகத் தொப்பென்று விழுந்தன. கடைசியில் தலையின் ஒரு துண்டு மிச்சம், அதில் காது. அதை இடது கையில் ஏந்திக்கொண்டு, "இத மட்டும் வெச்சுக்கட்டுமா? ஒரு இதுக்கு" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து யாருக்குத்தான் வராது. "வேணாம்" என்றேன். "இதுவும் அப்படியொண்ணும் பிரமாதமா இல்ல. குழி நல்லா வந்திருக்கு, கீழ்மடல் தடிச்சுத் தொங்குது. எந்த மனுஷிக்கு இப்படித் தொங்கும்?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவம் ஏறியது. மூக்கு விடைத்தது. ஒரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த அந்தக் கோபம் அவர் முகத்தில் மெதுவாக ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தொங்குதா? போய்க் கண்ணாடில பாருடி" என்றார்.